அஜல் என்று சொல்லித் தப்பலாமா?

 

வயோதிகர் ஒருவர் மௌத்தானால், "அஜல் முடிந்தது" என்கிறோம். சொல் சரியானதே. குறித்த தவணையை முந்தவோ பிந்தவோ யாராலும் இயலாது. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் (ஸல்) உம்மத் அல்லவா நாம்? கட்டவேண்டிய கயிற்றை நாம் கட்டினோமா?

2003 ஆகஸ்டில் பிரான்சு தேசத்தைக் கடும் வெப்பம் வாட்டியது. சுமார் 15,000 பேர் மாண்டனர். பெரும்பாலோர் முதியவர்கள், தனித்து வாழ்ந்தவர்களும் முதியோர் இல்லத்தில் இருந்தவர்களும். ஆகஸ்டு அங்கே விடுமுறை மாதம். பிள்ளைகள் ஊரில் இல்லை, இல்லங்களில் பணியாட்களும் குறைவு. முதுமையில் உடல் வற்றினாலும் தாகம் சரியாகத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் குவளையை நீட்டினால்தான் உண்டு. பாரிஸில் கேட்பாரற்றுக் கிடந்த 57 உடல்களைச் செப்டம்பர் 3-ம் தேதி தியே இடுகாட்டில் அடக்கினார்கள். ஜனாதிபதி சிராக் வந்து நின்றார். உரிமை கோரி உறவினர் வரவில்லை!

வெட்கம் அவர்களையும் உறுத்தியது. 2004-ல் சட்டம் இயற்றி, ஆண்டில் ஒரு நாள் கூலியின்றி உழைத்து முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் பணம் சேர்த்தார்கள்.

வெப்பம் மட்டுமா? இல்லங்களில் இருக்கும் முதியவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. புரட்டிப் படுக்க வைக்க ஆளில்லாமல் முதுகில் புண் வைக்கிறது. உணவு புரையேறி நுரையீரலில் சீழ் பிடிக்கிறது. புத்தி தடுமாறியவர் சத்தம் போட்டால் அடக்கி வைக்க மாத்திரை. அத்தகைய முதியவருக்கு மனநோய் மருந்து கொடுத்தால் மரணம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-ல் எச்சரித்தது. ஆள் இருக்க வேண்டிய இடத்தில் மாத்திரை இருந்தால் வேறென்ன நடக்கும்?

நம் வீடுகளில் அப்படியில்லை என்று நிம்மதி கொள்ள வேண்டாம். பின்கட்டு அறையில் கிடக்கும் உம்மம்மாவுக்கு அஸருக்குப் பின் தண்ணீர் கொடுத்தது யார் என்று இன்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பெற்றோர் முதுமை அடைந்தால் 'சீ' என்றுகூடச் சொல்லக்கூடாது எனத் திருமறை தடுக்கிறது. சொல்லாமலே விட்டுவிடுவதும் அதில் சேராதா?

ஒரு மஸ்அலா. நோன்பு நோற்க இயலாத தள்ளாத வயதினர் கோடையில் பிடிவாதமாக நோற்று மயங்குகிறார்கள். அவர்களுக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். நோன்பு ஒன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா போதும். அதை இதமாக எடுத்துச் சொல்லி, ஃபித்யாவைக் கணக்கிட்டுக் கொடுத்து, பகலிலும் குவளையை நீட்ட வேண்டியவர் வீட்டிலுள்ள பிள்ளைகளே.