காரணமும் மன்னிப்பும்

இலங்கையின் ஊவா மாகாணத்தில், பூனாகலை முதலிய தேயிலைத் தோட்டங்களின் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில், ஒற்றைச் சுவருக்கு அப்பால் எழும் அலறலைக் கேட்டும், ‘புருஷன் பொஞ்சாதி சண்டை’ என்று சொல்லித் தத்தம் கதவைச் சாத்திக்கொள்ளும் அயலாரின் மௌனமே வன்முறைக்கு வாய்த்த முதல் துணையாகும்.

அலறல் எழுந்த வீட்டின் கதவைத் தட்டும் சமூக சேவகர், ஓங்கிய கையை மட்டுமன்றி, அதன் பின்னே நிற்கும் சாராயத்தையும் கடனையும், நாள் முழுதும் கொழுந்து பறித்தவளின் சம்பளத்தை அவள் கையில் தங்கவிடாத வழக்கத்தையும், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இத்தோட்ட மக்களின் சமூகத்தையே நாடற்றதாக்கிய அநீதியையும் சேர்த்தே காண்கிறார்.

ஆயினும் காரணத்தை அறிதல் வேறு, குற்றத்தைப் பொறுத்தல் வேறு. மிதிபட்டவன் என்பதனால் மற்றொருவரை மிதிக்கும் உரிமை எவனுக்கும் வந்துவிடுவதில்லை.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெற வழி வகுத்துள்ளது; அஞ்சி நிற்பவளுக்கோ, அவ்வழியில் உடன் நடக்க ஒருவர் வேண்டும். சட்டம் அடித்த கையைத் தடுக்கலாம்; அடிப்பது அதர்மம் என்று அயலார் வாய்திறந்து சொல்லும் துணிவே, அவ்வன்முறையைப் பார்த்து வளரும் பிள்ளையின் கையைத் தடுக்கும்.