சான்று கேட்காத பக்தி

புதிய மருந்து ஒன்று இந்தியாவில் விற்பனைக்கு வருமுன் இங்குள்ள நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கப்பட வேண்டும் என்று 2010 வாக்கில் விதி இருந்தது; பொதுநலன் கருதி அரசு அதற்கு விலக்கு அளிக்கவும் முடிந்தது. 2008 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரை அந்தச் சோதனை இல்லாமலே எத்தனை மருந்துகளுக்கு அனுமதி கொடுத்தீர்கள் என்று சுகாதார அமைச்சகத்தைக் கேட்டது, அத்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு. 31 என்று பதில் வந்தது. குழு அதை அப்படியே ஏற்கவில்லை. பட்டியலைச் சரிபார்த்ததில் இரண்டு மருந்துகள் விடுபட்டிருந்தது தெரிந்தது. ஆக 33. இவை இந்திய நோயாளிகளுக்குப் பயன் தருபவை, தீங்கற்றவை என்பதற்கு அறிவியல் சான்று இல்லை என்று 2012 மே மாதம் தாக்கல் செய்த 59ஆவது அறிக்கையில் குழு எழுதியது.

அதே அறிக்கையில் இன்னொரு பகுதி உண்டு. மருந்துகளுக்கு அனுமதி வழங்கலாம் என்று நிபுணர்கள் கொடுத்த கருத்துக் கடிதங்களைக் குழு வரவழைத்துப் படித்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில், வெவ்வேறு ஊர்களில் பணிபுரிந்த மருத்துவர்கள் எழுதியவை அவை. ஆனால் சில கடிதங்கள் கிட்டத்தட்டச் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தன. மருந்து நிறுவனங்களும் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலர்கள் சிலரும் நிபுணர்கள் சிலரும் கைகோத்திருக்கிறார்கள் என்ற முடிவுக்குக் குழு வந்தது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் எதுவும் தேவைப்படவில்லை. கடிதங்களை அருகருகே வைத்துப் படிக்கும் பொறுமையும், கீழே இருக்கும் பட்டங்களையும் பதவிகளையும் கண்டு மிரளாத மனமும் போதுமானவையாக இருந்தன.

பகுத்தறிவு என்று நாம் மேடைதோறும் பேசுகிறோமே, அது செயலில் இப்படித்தான் இருக்கும். இதைச் சொன்னது யார் என்று பார்க்காமல், இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பது. கோயில் வாசலில் சாமியாடி சொல்லும் குறியைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்பது இன்று சுலபம். கேட்பவருக்குக் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் தனக்குப் பிடித்த தலைவர் கொண்டுவரும் சட்டத்தைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்காத ஒருவரைப் பகுத்தறிவாளர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் கடவுளை விட்டிருக்கலாம். பக்தியை விடவில்லை. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கு இட்டுச் செல்லும் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை மேற்கோள் காட்டாத கட்சி இன்று இல்லை. அதன்படி நடக்கும் கட்சியைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

நாடாளுமன்றம் என்றதும் நம் கண்முன் வருவது மக்களவையின் மையப் பகுதியும் முழக்கமும் மேசை தட்டலும்தான். யார் யாரை எப்படி மடக்கினார் என்ற இரண்டு நிமிடக் காணொளியைத்தான் நாம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். அங்கே சான்றுக்கு இடம் குறைவு. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா சொன்னபடி வாக்களிக்காத உறுப்பினர் பதவியையே இழக்க நேரும். எவ்வளவு வலுவான வாதத்தைக் கேட்டு மனம் மாறினாலும் அவர் கை மாற முடியாது. மாற அனுமதி இல்லாத ஆட்களிடம் வாதம் செய்வதில் பொருள் என்ன?

நிலைக்குழுவின் அறையில் நிலைமை வேறு. 1993இல் 17 குழுக்களாகத் தொடங்கி 2004இல் 24 ஆன இந்தத் துறைசார் குழுக்களில், ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. எதிரே வந்து அமர்பவர் துறைச் செயலாளர். கோப்போடு வந்தாக வேண்டும். கொறடா உத்தரவு இங்கே செல்லாது. கேமரா இல்லாததால் யாருக்காகவும் நடிக்க வேண்டியதில்லை. வரவு செலவுத் திட்டம் தாக்கலான பின் ஒவ்வொரு அமைச்சகமும் கேட்கும் மானியத்தை வரி வரியாகப் பார்ப்பதும் இந்தக் குழுக்கள்தான். அவையில் பெரும்பாலான அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள், கில்லட்டின் என்று உறுப்பினர்களே சொல்லும் முறைப்படி, விவாதமே இல்லாமல் ஒட்டுமொத்தமாக நிறைவேறிவிடுகின்றன. நம் வரிப்பணத்தை யாராவது எண்ணிப் பார்க்கிறார்கள் என்றால் அது அந்த அறையில்தான். (இதைவிட மூத்த பொதுக் கணக்குக் குழு 1921இலிருந்து இருக்கிறது, 1967 முதல் அதன் தலைமை எதிர்க்கட்சியிடம் இருந்துவருகிறது. ஆள்பவரின் கணக்கை ஆள்பவரே தணிக்கை செய்யக் கூடாது என்ற எளிய நேர்மை அது.)

அந்த அறையால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவருக்குக் கம்மம் மாவட்டத்துச் சிறுமிகளைப் பற்றிச் சொல்வேன். 2009இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுத் திட்டம் ஒன்றின் கீழ் போடப்பட்டது. நடத்தியது ஓர் அமெரிக்கத் தொண்டு அமைப்பு. உடன் நின்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். சிறுமிகளில் பலர் பழங்குடிகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். சில சிறுமிகள் இறந்த செய்தி வெளியானபின் 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. நிலைக்குழு 2013 ஆகஸ்டில் தந்த 72ஆவது அறிக்கை ஒப்புதல் படிவங்களை எண்ணிப் பார்த்தது. ஆந்திரத்தில் கிடைத்த 9,543 படிவங்களில் 1,948 கைநாட்டு. 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். பெற்ற தாயையும் தகப்பனையும் கேட்காமல் காப்பாளரின் பேனா ஒரு பிள்ளையின் உடலுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது.

இங்கே நான் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அந்தத் தடுப்பூசி கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிறது என்பதற்கு உலகெங்கும் வலுவான சான்று இருக்கிறது. சிறுமிகளின் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்றே அரசு அமைத்த விசாரணைக் குழுவும் சொன்னது. நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு அதைப் போட வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. ஆனால் நல்ல மருந்து என்பதால் ஒப்புதல் வாங்காமல் போடலாம் என்று ஆகிவிடாது. ஒப்புதல் வாங்கவில்லை என்பதால் மருந்து கெட்டது என்றும் ஆகிவிடாது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும். தொலைக்காட்சி விவாதத்தில் அது கிடைக்காது. இந்த விவகாரம் வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போய், நாடாளுமன்றக் குழு அறிக்கைகளை நீதிமன்றம் சான்றாகப் பார்க்கலாம், ஆனால் அவற்றின் செல்லுபடியைக் கேள்விக்கு உள்ளாக்க முடியாது என்று 2018 மே மாதம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. குரலற்ற பிள்ளைகளின் படிவங்களை யாரோ உட்கார்ந்து எண்ணியதால் வந்த தீர்ப்பு.

இப்படிப்பட்ட அறையை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? 2009 முதல் 2014 வரையிலான 15ஆவது மக்களவைக் காலத்தில் தாக்கலான மசோதாக்களில் 71 சதவீதம் குழுக்களுக்குப் போயின. அடுத்த மக்களவையில் அது நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. 17ஆவது மக்களவையில் 16 சதவீதம். மசோதாவைக் குழுவுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று விதி இல்லை. அனுப்புவது ஆள்வோரின் பெருந்தன்மையைப் பொறுத்தது. அவர்களைக் கேட்க ஆளில்லாதபோது பெருந்தன்மை எதற்கு?

2020 செப்டம்பர் 20 நினைவிருக்கிறதா? வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்தன. தெரிவுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று தீர்மானம் கொண்டுவந்தவர்களில் திருச்சி சிவாவும் ஒருவர். வாக்கெண்ணிக்கை கேட்டார்கள். அவையில் அமளி, எண்ணிக்கை நடக்கவில்லை, குரல் வாக்கெடுப்பில் தீர்மானம் தோற்றதாகவும் மசோதாக்கள் நிறைவேறியதாகவும் அறிவிக்கப்பட்டது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லையில் குளிரிலும் வெயிலிலும் விவசாயிகள் கிடந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று அதே நாடாளுமன்றம் அதே சட்டங்களைத் திரும்பப் பெற்றது, அதையும் விவாதிக்காமல்.

அந்தச் சட்டங்கள் நல்லவையா கெட்டவையா என்பதை விட்டுவிடுங்கள். நல்லவை என்றால் அதற்கான சான்றைக் குழுவின் முன் வைத்திருக்கலாம். பஞ்சாப் விவசாயியையும் மண்டி வியாபாரியையும் பொருளாதார அறிஞரையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கெட்டவை என்றால் அங்கேயே தெரிந்திருக்கும். எது உண்மை என்று நாடு அறிந்துகொள்ளாமலே சட்டம் வந்தது, அறிந்துகொள்ளாமலே போனது. ஆதரித்தவர்கள் தலைவரை நம்பி ஆதரித்தார்கள், அவர் திரும்பப் பெற்றதும் அதையும் ஆதரித்தார்கள். என்னைக் கலங்க வைப்பது அந்த இரண்டாவது ஆதரவுதான்.

டெல்லியைக் கைகாட்டிவிட்டு நாம் தப்பித்துவிட முடியாது. பெரியாரின் பெயரைச் சொல்லி ஆட்சி நடத்தியவர்களின் சட்டமன்றத்தில், 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்று நாளில் நிறுத்திவைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். திரும்பப் பெற்றது சரிதான். ஆனால் 12 மணி நேரம் நின்று வேலை செய்யும் பெண்ணின் முதுகுக்கு என்ன ஆகும் என்று நிறைவேற்றும் முன் யாராவது ஒரு தொழிலாளியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்களா? கேட்பதற்கு அங்கே அறையே இல்லை. தன் சொல்லையும் ஆராய்ந்து பார்த்தே ஏற்கச் சொன்னவர் பெரியார். அவர் படத்தை மாட்டியிருக்கும் இயக்கங்கள் தங்கள் மசோதாக்களை ஆராய மற்றவர்களுக்கு எத்தனை நாள் கொடுக்கின்றன?

குழுவையும் கும்பிட வேண்டாம். பெண்ணின் திருமண வயதை 18இலிருந்து 21ஆக உயர்த்தும் மசோதா 2021 டிசம்பரில் ஒரு நிலைக்குழுவுக்குப் போனபோது, அதன் 31 உறுப்பினர்களில் பெண் ஒரே ஒருவர். கால நீட்டிப்புகளில் நாள் கழிந்து, 2024இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. வக்ஃபு திருத்த மசோதாவை ஆராய்ந்த கூட்டுக் குழுவில் 2025 ஜனவரியில் ஆளும் தரப்பின் 14 திருத்தங்கள் ஏற்கப்பட்டன. எதிர்க்கட்சிகள் கொண்டுவந்த 44 திருத்தங்களும் தோற்றன. சான்றைப் பார்த்து முடிவெடுத்தால் தரப்புவாரியாக இவ்வளவு சுத்தமாகப் பிரியாது. அறைக்குள் தலைகளை எண்ணத் தொடங்கிவிட்டால் அது இன்னொரு மக்களவையாகிவிடுகிறது. அறிக்கை நன்றாக வந்தாலும் அரசு ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. திருநர் உரிமை மசோதாவை ஆராய்ந்த நிலைக்குழு 2017இல் தந்த பரிந்துரைகள் பலவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் 2019 சட்டம் வந்தது.

கதவு மூடியிருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் தங்களுக்குள் ஆலோசிக்கும்போது மூடியிருக்கட்டும். கட்சியை மீறிப் பேச அது தைரியம் கொடுக்கிறது. சாட்சியம் வாங்கும்போது எதற்கு மூட வேண்டும்? ஒரு துறைச் செயலாளர் மக்கள் பணத்தைப் பற்றிச் சொல்லும் பதிலை மக்கள் கேட்கக் கூடாதா? பிரிட்டனில் 1979இல் வந்த துறைசார் குழுக்கள் பெரும்பாலும் பொதுவில்தான் சாட்சியம் கேட்கின்றன. அதனால் அங்கே அரசு கவிழ்ந்துவிடவில்லை.

நம் தொகுதி உறுப்பினர் ஊருக்கு வந்தால் நாம் என்ன கேட்கிறோம்? பள்ளிச் சேர்க்கைக்குப் பரிந்துரைக் கடிதம், நிழற்குடை, உயர்மின் விளக்கு. எந்த நிலைக்குழுவில் இருக்கிறீர்கள், எத்தனை கூட்டத்துக்குப் போனீர்கள், செயலாளரிடம் என்ன கேட்டீர்கள் என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. கேட்காத வாக்காளருக்குப் பதில் தயாரிக்க எந்த உறுப்பினருக்கும் அவசியம் வராது. அறை காலியாவதற்கு முதல் காரணம் ஆள்வோர். இரண்டாவது காரணம் நாம். இந்த இரண்டாவதை ஒப்புக்கொள்ளத்தான் நமக்குக் கசக்கிறது.

பக்கத்துக் கேரளத்தில் 1980 முதல் சட்டமன்றத்தில் துறைவாரிக் குழுக்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 208ஆவது பிரிவின்படி, தன் நடைமுறை விதிகளைச் சட்டமன்றமே வகுத்துக்கொள்ளலாம். ஆளுநரின் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, டெல்லியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, நிதி ஆணையத்தைக் குறை சொல்லவும் வழியில்லை. ஒரு கூட்டத்தொடரில் ஒரு தீர்மானம் போதும். அடுத்த தேர்தல் அறிக்கையில் அந்த ஒரு வரியைச் சேர்க்க எந்தக் கட்சி முன்வருகிறது என்று உங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம் கேளுங்கள், அவர் உங்கள் கட்சிக்காரராகவே இருந்தாலும்.