கரும்புச் சக்கையும் ஆவாரம்பட்டையும்

மை பேனாவில் தமிழ் எழுதுகிறவருக்குக் காகிதம் எப்படிப்பட்டது என்பது முதல் புள்ளியிலேயே தெரிந்துவிடும். 'க்' மேல் வைத்த புள்ளி வைத்த இடத்தில் நிற்கிறதா, இல்லை நூல் நூலாக நாலாபக்கமும் ஊர்ந்து பரவுகிறதா? அடுத்து 'ண' எழுதிப் பார்க்கலாம். நிப் கொஞ்சம் பருமனாக இருந்து தாளும் மட்டமாக இருந்தால், மூன்று சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு 'ன'வா 'ண'வா என்றே தெரியாது. 'ஞ', 'இ', 'ணூ' எல்லாவற்றுக்கும் இதே கதிதான். சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் மூடிக்கொண்டால் எழுத்தே போச்சு. உலகத்தில் நல்ல தாள் அதிகம் தேவைப்படுகிறவர்களில் தமிழ் எழுதுகிறவர்களும் உண்டு என்பேன்.

எனக்கு நல்ல நோட்டு பிடிக்கும். அதற்கு ஒரு தோல் உறை போட்டுக் கையில் வைத்துக்கொள்வது இன்னும் பிடிக்கும். மூடியைத் திருகிக் கழற்றி, உறையை விரித்து, புதுப் பக்கத்தில் முதல் வரி ஓடும்போது வருகிற சந்தோஷம் சின்னதில்லை. "எழுதுறது என்னமோ மளிகைக் கணக்கும் மனசுல பட்டதும்தான். அதுக்கு எதுக்குடா இவ்வளவு அலங்காரம்?" என்று அக்கா கேட்கிறாள். நியாயமான கேள்வி. ஒரு பக்கம் அச்சடித்த தாளின் பின்பக்கத்தில் நல்ல நல்ல கதைகளை எழுதியவர்கள் இருக்கிறார்கள். எழுத்துக்கு இந்த நோட்டும் உறையும் கட்டாயம் இல்லை. அப்படியானால் இந்த ரசனைக்கு என்ன நியாயம்? பொருள்மேல் வைக்கிற ஆசை வெறும் ஆடம்பரமாக நின்றுவிடுவது எப்போது, அதைத் தாண்டி வேறொன்றாக ஆவது எப்போது? அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பதிலை நோட்டையும் உறையையும் வைத்தே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் காகிதம். மை பேனாவில் மை கீழே இறங்குவது நுண்குழாய் விசையால். நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கில் மெல்லிய வாய்க்கால்கள் உண்டு. மை கீழே வர, காற்று மேலே போகும். லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை வாங்கியது இந்த ஏற்பாட்டுக்குத்தான். அதே விசை காகிதத்திலும் இருக்கிறது. நார்களுக்கு நடுவே உள்ள இடுக்குகள் மையை இழுக்கின்றன. பேனா ஒரு பக்கம் கொடுக்க, தாள் மறுபக்கம் இழுக்க, எழுத்து நடுவில் நிற்க வேண்டும். பால்பாயின்ட் பேனாவின் மை எண்ணெய்ப் பசை. அது எந்தத் தாளிலும் அடங்கி உட்கார்ந்துகொள்ளும். மை பேனாவின் மை பெரும்பாலும் தண்ணீர், இடம் கிடைத்தால் ஓடும். அதை நிறுத்தத்தான் ஆலையில் காகிதத்துக்கு ஸ்டார்ச் கொடுக்கிறார்கள். சைஸிங் என்பார்கள். நாம் வேட்டிக்குப் போடும் கஞ்சிக்கு இது சொந்தக்காரன். கஞ்சி ஒழுங்காக ஏறிய தாளில் மை மேலாகவே தங்கி மெதுவாகக் காயும். ஒரே கோட்டில் ஓரிடம் அடர்நீலமாகவும் ஓரிடம் வெளிர்நீலமாகவும் தெரியும். கை எங்கே தயங்கியது, எங்கே விரைந்தது என்பதெல்லாம் அந்த நிறபேதத்தில் படிக்கக் கிடைக்கும்.

தடித்த தாள்தான் நல்ல தாள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஜப்பானின் தோமோவே ரிவர் காகிதத்தில் ஒரு வகை சதுர மீட்டருக்கு 52 கிராம்தான். நம் ஜெராக்ஸ் தாளைவிடவே மெல்லிசு. மறுபக்கத்து எழுத்து நிழலாகத் தெரியும், ஆனால் மை ஊடுருவிப் போகாது.

அந்த ஜப்பான் தாளை ஆசையோடு தேடுகிறவர்களிடம் நான் காகிதபுரத்தைப் பற்றிச் சொல்வேன். கரூர் மாவட்டத்தில் புகழூர்ப் பக்கம் இருக்கிறது. தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தை அரசு 1979இல் தொடங்கியது. 1984இல் உற்பத்தி ஆரம்பித்தது. அங்கே முக்கிய மூலப்பொருள் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் போட்டு எரித்துக்கொண்டிருந்தன. அந்தச் சக்கையை வாங்கிக்கொண்டு, ஈடாக வேறு எரிபொருளோ நீராவியோ கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். சக்கையில் இருக்கும் பஞ்சு போன்ற சோற்றைப் பிரித்து எடுத்துவிட்டு நாரை மட்டும் கூழாக்க வேண்டும். கரும்பு நார் குட்டையானது, நெருக்கமாகப் படிந்து தாளை வழவழப்பாக்கும். கரும்புத் தாளில் தைத்த உள்ளூர் நோட்டுகள் சிலவற்றில் என் பேனா வழுக்கிக்கொண்டு போகிறது. புள்ளி புள்ளியாகவே நிற்கிறது. இது தெரிந்த பிறகு அந்தப் பக்கத்தைத் தடவும்போது கரும்புத் தோட்டமும் காவிரித் தண்ணீரும் கூடவே நினைவுக்கு வருகின்றன. பேனாவும் தமிழ்நாட்டுக்காரன்தான்: திருவள்ளூரில் கடைசல் பிடித்த எபோனைட் பேனா. கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர் அது, உள்ளங்கைச் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

தோலைப் பற்றி இவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியாது.

என் உறையைத் தைத்துக் கொடுத்தவர் சென்னைப் பெரியமேட்டில் ஒரு சந்துக்குள் உட்கார்ந்து வேலை செய்கிற பெரியவர். நான் கொண்டுபோன நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு இரண்டு துண்டுத் தோல்களை எடுத்துப் போட்டார். "விரல்ல தண்ணி தொட்டு வைங்க சார்" என்றார். ஒன்றில் தண்ணீர் உடனே உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தது. மற்றதில் துளி உருண்டுகொண்டே நின்றது. "கருத்தது பட்டையில பதம் பண்ணது. இது குரோமு. உங்களுக்குப் பட்டைதான் சரி. கை படக் கை பட நெறம் ஏறும்" என்றார். பலகையில் தோலைப் போட்டு, முடிப்பக்கத்தின் மறுபுறம், சதை ஒட்டியிருந்த சொரசொரப்பான பக்கத்தில், பால்பாயின்ட் பேனாவால் அளவுகளை எழுதினார். குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோர்த்து, ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்றும் அந்தப் பக்கமிருந்து ஒன்றுமாக இழுத்துத் தைத்தார். மிஷின் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டு போகும். இதில் பிரியாது. அவர் எழுதிய எண்கள் உறையின் உட்பக்கத்தில் இன்றும் இருக்கின்றன. அந்த உறைக்குள் எழுதப்பட்ட முதல் எழுத்து அவருடையது.

பட்டை என்று அவர் சொன்னதன் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது. மஞ்சளாகப் பூக்கும் ஆவாரஞ்செடியின் பட்டைதான் மெட்ராஸ் ராஜதானியின் தோல் தொழிலை நிலைநிறுத்திய பொருள். பட்டைச் சாற்றில் தோலை வாரக்கணக்கில் ஊற வைப்பார்கள். ஆவாரையில் பதனிட்ட தோல் வெயிலில் சிவந்துவிடும். அதைத் தடுக்கவும் நிறத்தைத் தெளிவாக்கவும் கடுக்காய் நீர் காட்டுவார்கள். 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் அது கப்பல் ஏறிப் போனது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. குரோமிய உப்பு வந்ததும் வாரங்கள் மணிக்கணக்காகச் சுருங்கின. குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனிதான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று பாலாற்றுப் படுகையில் ஆலைகள் பெருகின.

பாலாற்றுக்கு என்ன ஆனது என்று அந்தப் பக்கத்து விவசாயிகளுக்குத் தெரியும். கிணறுகள் உப்பாயின, நிலங்கள் பாழாயின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இந்தியச் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. என்னுடையது பட்டைத் தோல், ஆகவே எனக்குப் பங்கில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. எந்த முறையில் பதனிட்டாலும், பச்சைத் தோல் அழுகாமல் இருக்க முதலில் பெரும்பாலும் உப்புத்தான் போடுகிறார்கள். அந்த உப்பு கழுவுநீரோடு எங்காவது போய்த்தான் சேர்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அது ஆற்று மாசைவிடப் பழையது. சரஸ்வதி பூஜையன்று என் நோட்டையும் பேனாவையும் பலகையில் வைக்கப் போனேன். அம்மா பார்த்துவிட்டு, "நோட்டை வை. அந்தத் தோலைக் கழட்டிட்டு வை" என்றாள். "மிருதங்கத்த வைக்கிறோமேம்மா?" "அது வாத்தியம்டா." நான் கழற்றவில்லை, அம்மா சமாதானமாகவும் இல்லை. காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு இது. அந்தக் காகிதத்தைத் தாங்குகிற தோல் மட்டும் வாசலோடு நிற்க வேண்டுமாம். தோலுக்குச் சொல்லப்பட்ட தீட்டு தோலோடு நின்றதா? அதை உரித்து, ஊற வைத்து, சதை சீவித் தைத்தவர்கள் மேல் ஏற்றப்பட்டு, அவர்கள் தெருவே தனியாக வைக்கப்பட்டது. பாடகர் டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிற குடும்பங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களின் வாழ்க்கையை டி. செல்வராஜ் 'தோல்' என்று நாவலாக எழுதினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சுண்ணாம்புக் குழிக்குள் நாள் முழுக்க நிற்கிற காலுக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு, பிறகு இந்த உறையின் வாசனையை முகர்ந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். முகராமல் இருந்துவிடுவது அவர்கள் வேலைக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

இவ்வளவும் தெரிந்த பிறகு சந்தோஷம் குறைந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை, ஆழமாகியிருக்கிறது. மேல்பூச்சின் மினுமினுப்பை மட்டும் பார்த்து வருகிற ஆசைக்கு அடுத்தது, அதற்கடுத்தது என்று வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பொருளின் வேர்வரை போய்ப் பார்த்துவிட்டால் அந்த ஒன்றே போதுமானதாக இருக்கிறது. எனக்கு ஒரே உறைதான். உள்ளே நோட்டு தீர்ந்தால் உருவிவிட்டு இன்னொன்று செருகிக்கொள்கிறேன். கட்டைவிரல் படுகிற இடம் நெல்லிக்காய் ஊறிய தண்ணீர் நிறத்துக்கு வந்திருக்கிறது. முதுகுப் பக்கம் மடிப்பு விழுந்த இடத்தில் கொஞ்சமாக எண்ணெய் தொட்டுத் தேய்ப்பேன். உள்ளே எழுதுவது அக்கா சொன்னதேதான்: மளிகைக் கணக்கு, மனதில் பட்டது, யாருக்கோ எழுத ஆரம்பித்த கடிதம், அம்மாவின் மாத்திரை நேரம். பெரிய விஷயங்களுக்கென்று நல்ல தாளை ஒதுக்கி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கரும்பை வெட்டியவரும் தோலைத் தைத்தவரும், இது எவ்வளவு பெரிய விஷயத்துக்கு என்று கேட்டுவிட்டு வேலை செய்யவில்லை.

எந்த நோட்டு வாங்கலாம் என்று கேட்கிற நண்பர்களிடம் பேனாவையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறேன். கடைக்காரரிடம் அந்த நோட்டின் தாளில் ஒரு துண்டு கேளுங்கள். 'கண்ணாடி' என்று எழுதி, மூன்று சுழியும் தனித்தனியாக நிற்கிறதா, புள்ளி அடங்கியிருக்கிறதா பாருங்கள். தாளைத் திருப்பி மறுபக்கமும் பாருங்கள். எந்த மில் காகிதம் என்று கேளுங்கள். தோல் உறையானால் எந்த ஊர்த் தோல், எதில் பதனிட்டது, தைத்தவர் யார் என்று கேளுங்கள். பல கடைகளில் பதில் கிடைக்காது. கேட்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால், பதிலைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று கடைக்காரருக்கே தோன்றும்.