சத்தம் மாறும் முன்பே

வயலுக்கு வந்தால் பெரியப்பா முதலில் கேட்பது ஸ்குரூடிரைவர். ஓடுகிற மோட்டாரில் பேரிங் இருக்கும் இடத்தில் அதன் நுனியை ஊன்றி, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். "ஏல, சத்தம் மாறிட்டு. இந்த வாரமே பேரிங்க மாத்திரு. கதிர் பால் பிடிக்கிற நேரத்துல நின்னுட்டுன்னா என்ன செய்வ?"

தாமிரபரணிக் கரையில் பிறந்து, பிலாய் உருக்காலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருந்தவர். சோவியத் உதவியுடன் கட்டிய அந்த ஆலையின் முதல் ஊது உலை 1959 பிப்ரவரியில் இயங்கத் தொடங்கியது. ஊது உலையை ஒருமுறை மூட்டினால் பல ஆண்டுகள் இரவு பகலாக எரியும். காற்று ஊதும் எந்திரமோ குளிர்நீர் பம்போ திடீரென்று நின்றால் ஆபத்து.

"இத்தனை வருசத்துல என்ன சாதிச்சீங்க பெரியப்பா?" என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன்.

"ஒண்ணும் நடக்காமப் பாத்துக்கிட்டேன்" என்றார்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. பழுதானதைச் சரிசெய்தவனுக்குக் கைதட்டல் உண்டு. பழுதே வராமல் காத்தவனை யார் நினைக்கிறார்கள்? வீட்டில் அம்மா செய்வதும், கால்வாய் மடையைக் காப்பவர் செய்வதும் இந்த வேலைதான்.

நம் ஆற்றங்கரைச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. ஊரே பெருமைப்பட்டது. பெரியப்பாவின் கேள்வி வேறு: "துருத்தி ஊதுனது யாரு?" கல்லிலிருந்து இரும்பைப் பிரித்தெடுக்கும் வரை காற்று ஓயக் கூடாது. ஊதுகிற கை சோர்ந்தால் உலை செத்தது. வாளும் வேலும் முதுமக்கள் தாழிக்குள் போயின. அந்தக் கையைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை.

போன மாதம் திருநெல்வேலி ஜங்ஷனில் வண்டிக்கு நின்றபோது, பிலாயில் உருட்டிய தண்டவாளத்தின் பக்கவாட்டில் புடைத்திருந்த எழுத்துகளைக் காட்டினார். ஆலையின் குறி, தண்டவாளத்தின் அளவு, உருட்டிய ஆண்டு. "நம்ம பேருக்கு அதுல இடமில்லல்லா" என்று சிரித்தார். ரயில் வந்தது. எழுத்துகள் இருந்த அந்தத் தண்டவாளத்தின் மேல் எல்லாப் பெட்டிகளும் ஏறிக் கடந்தன. ஒன்றும் நடக்கவில்லை.