மூடாத குழி



வேதாகமத்தில் சில பக்கங்களை நாம் விரைவாகப் புரட்டிவிடுவதுண்டு. யாத்திராகமத்தில் செங்கடல் பிளந்ததையும், சீனாய் மலையில் பத்துக் கட்டளைகள் அருளப்பட்டதையும் ஆவலோடு வாசிக்கிறோம். அதை அடுத்து மாடு, குழி, முள்வேலி, கதிர்க்கட்டு என்று சட்டங்கள் வரத் தொடங்கியதும், "இது அந்தக் காலத்து யூதர்களுக்கு உரியது" என்று தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் மாடும் வயலும் வைத்துப் பிழைக்கிற கரடியனாறு, உன்னிச்சை, ஆயித்தியமலைப் பக்கத்து மக்களுக்கு இவற்றைப்போல் நெருங்கிய பக்கங்கள் வேதாகமத்தில் அரிது.

அங்கே சொல்லப்படுவது இதுதான். ஒருவன் குழி தோண்டி அதை மூடாமல் விடுகிறான். அயலானுடைய மாடு அதில் விழுந்து சாகிறது. குழிக்குச் சொந்தக்காரன் விலை கொடுத்துத் தீரவேண்டும். இன்னொருவன் தீ மூட்டுகிறான். அது முட்செடியில் பற்றிப் பரவி அடுத்தவனுடைய விளைச்சலை எரித்துவிடுகிறது. தீ மூட்டியவனே ஈடு செய்யவேண்டும். உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் மூன்றாவது ஒன்று வருகிறது: புது வீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும்; எழுப்பாமல் விட்டு யாராவது தவறி விழுந்தால் இரத்தப் பழி அந்த வீட்டின்மேல் வரும்.

கவனித்தீர்களா? "அந்த மாட்டைக் கொல்ல நினைத்தாயா?" என்று சட்டம் குழிக்காரனிடம் கேட்கவில்லை. "குழியை மூடினாயா?" என்று மட்டுமே கேட்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம்முடைய வீட்டுக்கு வருவோம். வீட்டு இறப்பிலோ, கிணற்றடி மாமரத்திலோ, பள்ளிக்கூடத்துக் கூரையிலோ குளவி கூடு கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிறக் காகிதத்தைச் சுற்றி உருட்டிய பானைபோலத் தொங்குகிறது. பிள்ளைகள் கல்லெறிய ஆரம்பித்துவிட்டார்கள். மாலையில் வீட்டுக்காரர் வந்ததும், "இஞ்சாருங்க, இண்டைக்கு இதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்கிறாள் மனைவி. அவர் அயல்வீட்டு மச்சானைக் கூப்பிடுகிறார். "மச்சான், உழவு மெசினுக்கு வைத்த எண்ணெய் இருக்கா?" என்பது முதற் கேள்வி. "வயலுக்கு அடிச்ச மருந்து கொஞ்சம் மிச்சம் கிடக்கு" என்பது மறுமொழி. தென்னோலைச் சூளும் ஆயத்தமாகிறது. ஆக, குளவி கொட்டிவிடுமே என்ற பயத்தில், குளவியைவிடக் கொடிய மூன்று பொருட்களை ஒரே நேரத்தில் முற்றத்துக்குக் கொண்டு வந்துவிட்டோம்.

பெற்றோலின் குணத்தை அறிந்தவர்கள் இந்த வேலையைச் செய்யமாட்டார்கள். அதன் ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே கூட்டில் ஊற்றினாலும், ஆவி கீழே இறங்கித் தரையோடு தரையாகத் தவழ்ந்து, எட்டத்தில் நிற்பவர் கையிலுள்ள சூளைத் தேடிப் போகும். தீ அங்கே பற்றி இங்கே ஓடிவரும். மேலே கிடுகுக் கூரை என்றால் சொல்லவே வேண்டாம். யாத்திராகமத்தின் முட்செடித் தீ இதுதான்.

மருந்தடிப்பது அதைவிடப் புத்தியான காரியமென்று சிலர் எண்ணுகிறார்கள். பயிருக்கென்று கலக்குகிற கிருமிநாசினியை அண்ணாந்து நின்று தலைக்கு மேலே விசிறினால், அது அடித்தவருடைய கண்ணிலும் மூச்சிலும் தோலிலும்தான் முதலில் இறங்கும். கீழே கிணறு இருந்தால் கிணற்றில் விழும். அது குளவிக்கூடாக இல்லாமல் தேன்கூடாக இருந்துவிட்டால், மறுநாள் விபரமறியாத ஒருவர் அந்த வதையை அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் கூடும். மீன்பாடும் தேன்நாடு என்று பேர்பெற்ற மண்ணில் தேனுக்கு நஞ்சிடுவதா!

உண்மையில் எல்லாக் கூட்டையும் அழிக்கத்தான் வேண்டுமா? குளவி தன் குஞ்சுகளுக்கு இரையாகக் கொண்டுபோவது பெரும்பாலும் நம் பயிரைத் தின்கிற புழுக்களையும் ஈக்களையுமே. காட்டு மரங்களில் பெரிய ஒற்றை வதை கட்டுகிற மலைத்தேனீ, பருவம் மாறினால் யாரும் விரட்டாமலே கூட்டை விட்டுப் போய்விடும். பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில், விவசாய நஞ்சுகளால் மறைந்துபோகிற பூச்சிகளும் பறவைகளும் அந்த விவசாயத்துக்கே உதவியானவை என்பதை எடுத்துக்காட்டியிருக்கிறார். உயிர்ப்புப் பெருவிழாவின் திருவிழிப்பில் பாஸ்காத் திரியை உயர்த்திப் பாடுகிற புகழுரையின் இலத்தீன் மூலத்திலே தாய்த் தேனீக்கு ஓர் இடம் இருக்கிறது. ஆண்டின் மிகப் புனிதமான இரவில் திருச்சபை ஒரு பூச்சியை நினைக்கிறது!

ஆகவே ஆள் நடமாட்டமில்லாத மரத்திலுள்ள கூட்டை அப்படியே விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள், பாதையை மாற்றிக்கொள்ளுங்கள். வாசலிலும் பள்ளியிலும் கோவிலிலும் கட்டியிருந்தால் அகற்றத்தான் வேண்டும். மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிற சகோதரிகள் குளவி கொட்டி உயிரிழந்த செய்தியை நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! அகற்றுகிற வேலை அனுபவமுள்ளவருடையது. இருட்டிய பின், குளவி கூட்டில் அடங்கியிருக்கிற நேரத்தில், உடம்பை முழுக்க மூடிக்கொண்டு செய்யவேண்டியது. அப்படி ஒருவர் அயலில் இல்லையென்றால் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி வழி கேளுங்கள். வீட்டுக்காரரின் வீரத்துக்கு இது இடமல்ல.

தப்பித்தவறிக் கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்கவேண்டாம். நசுங்குகிற தேனீயிலிருந்து எழுகிற வாசனையே மற்றவற்றைக் கூப்பிடும் அழைப்பு. முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்துங்கள். தேனீயின் கொடுக்குத் தோலில் நின்றுவிடும். அதை உடனே எடுத்துவிடவேண்டும். குளவி கொடுக்கை விடாது. திரும்பத் திரும்பக் கொட்டும். முகம் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, வாந்தி எடுத்தாலோ, பல இடங்களில் கொட்டியிருந்தாலோ, சுண்ணாம்பு பூசிக்கொண்டு விடியும்வரை காத்திராதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குளவி பற்றி இவ்வளவு போதும். அந்த மாலையில் மச்சான் சொன்ன 'மிச்சம் கிடக்கிற மருந்து' எங்கே கிடந்தது என்ற கேள்விக்கு வருவோம்.

கரடியனாறு என்ற பெயரைக் கேட்டாலே பலருக்கு ஒரு நாள் நினைவுக்கு வரும். 2010ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆந் திகதி, வெள்ளிக்கிழமை. யுத்தம் முடிந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. வீதி வேலைக்குப் பாறை உடைக்க வெடிமருந்து கொண்டு வந்திருந்தார்கள். அது கொள்கலன்களில் கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் வைக்கப்பட்டிருந்தது. பகல் வேளையில் அது வெடித்தது. பொலிஸ் நிலையம் தரைமட்டமாயிற்று. 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பொலிஸார், பொதுமக்கள், வேலைக்கு வந்த சீனர் இருவர். ஷெல்லுக்கும் குண்டுக்கும் தப்பிய ஊரில், எந்தப் பகைவனும் வராத ஒரு நாளில் இது நடந்தது. விபத்தென்றே அறிவிக்கப்பட்டது.

யாரையும் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. இறந்தவர்களை இறைவனுடைய இரக்கத்தில் ஒப்படைப்போம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வெடிமருந்தைப் பொலிஸ் நிலையத்தில் வைப்பதென்றால், அதைவிடக் காவலான இடம் இல்லையென்று எண்ணியே வைப்போம். சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள், துப்பாக்கி இருக்கிறது, கள்வன் வரமாட்டான். கள்வனுக்கு மட்டும் அஞ்சி வைத்த பொருள் அது. அந்தப் பொருளுக்கே அஞ்சவேண்டும் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. நம்முடைய வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. விலை கொடுத்து வாங்கிய மருந்து களவு போகக்கூடாதென்று வயல் வாடியில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். கட்டிலுக்கடியில், அடுப்படி மூலையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைக்கிறோம். பிள்ளைகள் நடுவே குழியைத் தோண்டிவிட்டு, மேலே பாயை விரித்துப் படுக்கிறோம்.

அதிலும் கொடியது, பெரிய கலனிலிருந்து சிறிது ஊற்றிச் சோடாப் போத்தலில் கொண்டுவருவது. தாகமாய் ஓடிவருகிற பிள்ளைக்கு அது சோடாப் போத்தல்தான். பிள்ளை வேறெப்படி அறியும்? மீன் கேட்கிற மகனுக்குப் பாம்பைக் கொடுக்கிற தகப்பன் உங்களில் உண்டோ என்று ஆண்டவர் கேட்டார். இல்லையென்றே எல்லோரும் சொல்லுவோம். சொல்லுகிற அதே வீட்டில் அந்தப் போத்தல் நிற்கிறது.

பெரியவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். சொல்லத் தயங்குகிறோம், ஆனாலும் சொல்லவேண்டும். 1995ஆம் ஆண்டில் நம் நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். அது அன்று உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அவர்களில் பெருந்தொகையானோருக்குக் கருவியாய் இருந்தது வயல் மருந்து. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், மிகக் கொடியவை ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. 1995இல் முதல்தர நஞ்சுகள், 1998இல் எண்டோசல்பான், 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட் முதலான மூன்று. இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறத்தாழ 70 வீதம் குறைந்தது. அந்த ஆண்டுகளில் யுத்தம் இருந்தது, சுனாமி வந்தது. மனிதருடைய துக்கம் ஒன்றும் குறையவில்லை. ஆத்திரப்பட்ட அந்த ஒரு நாழிகையில் கைக்கெட்டிய பொருள் முன்போல் கொடியதாய் இருக்கவில்லை. அவ்வளவுதான். அந்த நாழிகை கடந்ததும் அவர்களிற் பெரும்பாலோர் வாழவே விரும்பினார்கள்.

"பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் சரிதானே?" என்று கேட்பீர்கள். வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களின் வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2017இல் வெளிவந்தது. பெட்டி கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. நம் வீட்டுத் திறப்பு எந்த ஆணியில் தொங்குகிறதென்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்காகப் பூட்டத்தான் வேண்டும். ஆனால் பூட்டியதோடு கடமை முடிந்ததென்று இருக்க முடியாது. வீட்டில் வைக்காமல் இருப்பதே வழி. அந்தந்த முறைக்கு வேண்டிய அளவை மட்டும் வாங்குங்கள். அளவு தெரியாவிட்டால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். கடைக்காரர் சொல்லுகிற அளவு அவருடைய வியாபாரத்துக்குரியது. வீட்டில் ஒருவர் பேச்சுக் குறைந்து, சாப்பாடு குறைந்து, தனித்திருக்கிறாரென்றால் பக்கத்தில் போய் இருந்து கதையுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம். அப்படி ஒருவரை இழந்த குடும்பங்களைப் பார்த்துப் புறம் பேசுவோர் நம்மிடையே இன்னும் உண்டு. அவர்களுடைய நித்திய மீட்பைப் பற்றி நம்பிக்கையிழக்கக் கூடாதென்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. அது நமக்குப் போதும்.

பூசையின் தொடக்கத்தில் பாவ அறிக்கை செய்யும்போது, செய்த பாவங்களோடு செய்யத் தவறியவற்றையும் சேர்த்தே சொல்லி நெஞ்சில் தட்டிக்கொள்கிறோம். கொலை செய்யாதே என்ற ஐந்தாம் கட்டளைக்கு விளக்கம் சொல்லுகையில், தக்க காரணமின்றி ஒருவரை உயிராபத்துக்கு உள்ளாக்குவதையும் அதே மறைக்கல்வி நூல் அந்தக் கட்டளையின் கீழே வைக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் பொய்யும் கோபமும் சொல்லுகிறோம். மருந்துப் போத்தலை அடுப்படியில் வைத்தேன் என்று சொன்னவர் எத்தனை பேர்?

மருந்தடித்து வருகிறவர் பிள்ளையைத் தூக்கமுன் சவர்க்காரம் போட்டுக் குளிக்கட்டும். அந்தச் சட்டையைப் பள்ளிப் பிள்ளையின் வெள்ளைச் சட்டையோடு ஊறவைக்கவேண்டாம். தெளிகருவியை வாய்க்கால் படியில் வைத்துக் கழுவாதீர்கள். பத்துப் பாகம் தள்ளி அதே தண்ணீரில் ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார், அது ஆறு சேர்ந்து வாவிக்கும் போகும். மருந்து யாருடைய வயிற்றிலாவது போய்விட்டால், வாந்தி எடுக்கவைக்க முயலாமல், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எந்த மருந்தென்று டொக்டருக்குத் தெரியவேண்டும். முடிந்துபோன போத்தலை மூன்று தரம் அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி வயலுக்கு அடித்துவிடுங்கள். பிறகு போத்தலின் அடியில் ஆணியால் இரண்டு மூன்று துளை போடுங்கள், மண்ணெண்ணெய் வாங்கக்கூட இனி யாரும் அதைத் தூக்கிக்கொண்டு போகாதபடி.