போலீஸ் நடத்திய கடை

2017 ஜூன் 20 அன்று நெதர்லாந்து போலீஸ் ஒரு போதைப்பொருள் கடையைக் கைப்பற்றியது. இழுத்து மூடவில்லை, தொடர்ந்து நடத்தியது. ஹன்சா என்ற அந்தக் கடை இருந்தது டார்க்நெட்டில். அதன் நிர்வாகிகள் இருவர் ஜெர்மனியில் கைதான கையோடு, அவர்கள் நாற்காலியில் போலீஸ்காரர்கள் உட்கார்ந்தார்கள். வாடிக்கையாளர்களுக்கு எதுவும் தெரியாது. ஜூலை தொடக்கத்தில் அதைவிடப் பெரிய சந்தையான ஆல்ஃபாபேயை அமெரிக்கா சத்தமில்லாமல் முடக்கியது. அங்கே வியாபாரம் செய்தவர்கள் கூட்டம் கூட்டமாக ஹன்சாவுக்கு வந்தார்கள். வரட்டும் என்றுதான் காத்திருந்தது போலீஸ்.

ஏறக்குறைய ஒரு மாதம் நடந்தது. தளத்தின் கோடில் கைவைத்து, செய்திகள் மறையாக்கம் ஆவதற்கு முன்பே நகலெடுத்தார்கள். வாங்கியவர்களின் முகவரிகள் ஆயிரக்கணக்கில் சிக்கின. ஜூலை 20 அன்று உண்மையை அறிவித்துக் கடையை மூடினார்கள். எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்பதைவிட முக்கியமான ஒரு நோக்கத்தை அவர்கள் ஒளிக்கவே இல்லை. இனிமேல் எந்தச் சந்தையையும் யாரும் நம்பக் கூடாது.

இதைப் பொதுவா ஒரு ஹேக்கிங் சாகசமாத்தான் சொல்வாங்க. என்னை உறுத்துவது உள்ளே கிடக்கும் ஒரு சின்ன விவரம். கடை தங்கள் கையில் இருந்த அந்த நாட்களில் போலீஸ் ஃபென்டனில் விற்பனையைத் தடை செய்தது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான தகராறுகளைப் பொறுப்பாகத் தீர்த்துவைத்தது. சேவையின் தரம் கூடியது என்று அதிகாரிகளே பின்னால் பெருமையாகச் சொன்னார்கள். உயிரெடுக்கும் சரக்கை அலமாரியிலிருந்து எடுப்பது, ஏமாற்றியவனிடமிருந்து பணத்தை வாங்கித் தருவது எல்லாம் ஒரு அரசு சந்தையை ஒழுங்குபடுத்தும் வேலை இல்லாமல் வேறென்ன? அந்த வேலையை மாறுவேடத்தில் மட்டும்தான் செய்ய வேண்டுமா?

தடைச்சட்டம் ஒரு பொருளை மட்டும் தடுப்பதில்லை. அந்தப் பொருளைச் சுற்றி இருக்கக்கூடிய லேபிள், அளவு, பில், புகார் செய்யும் இடம் எல்லாவற்றையும் சேர்த்து அழிக்கிறது. பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. 2011-ல் வந்த சில்க் ரோடு இந்த ஓட்டையைத்தான் அடைத்தது. விற்பவருக்கு ஸ்டார் ரேட்டிங். பணம் நேராக விற்பவரிடம் போகாது, எஸ்க்ரோவில் நிற்கும். பார்சல் வந்ததாக வாங்கியவர் சொன்ன பிறகே விடுவிக்கப்படும். நான் சம்பளத்துக்கு எழுதும் கோடும் முகம் தெரியாத இருவருக்கிடையில் பணத்தை நகர்த்துவதுதான் என்பதால் சொல்கிறேன், அந்த வடிவமைப்பில் புதுசா ஒன்றும் இல்லை. புதுமை அது வேலை செய்ததில்தான். இப்படிப்பட்ட சந்தைகளில் வாங்கிய மாதிரிகளை ஸ்பெயினைச் சேர்ந்த எனர்ஜி கன்ட்ரோல் என்ற அமைப்பு பரிசோதித்தபோது, பத்தில் ஒன்பதில் சொன்ன பொருளே இருந்தது. தெருவில் கிடைக்காத நேர்மை.

இங்கே நிறுத்திவிட்டால் சுதந்திரச் சந்தைக்காரர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் இந்த நம்பிக்கை யாரைப் பற்றியது? பொட்டலத்தைப் பற்றியது. அதைப் பிரிப்பவனைப் பற்றி அந்தக் கோடில் ஒரு வரிகூடக் கிடையாது. ஒருவன் மாதம் ஒருமுறை வாங்கிக்கொண்டிருந்தவன் தினமும் வாங்க ஆரம்பித்தால் ரேட்டிங் அமைப்புக்கு அவன் நல்ல வாடிக்கையாளன். ஒவ்வொரு விற்பனையிலும் கமிஷன் தளத்துக்கு. நிறுவனர் ராஸ் உல்பிரிக்ட்டுக்கு 2015-ல் தண்டனை விதிக்கப்பட்ட நாளில், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் நீதிமன்றத்தில் பேசினார்கள். இரட்டை ஆயுள் தண்டனையை மூர்க்கமானது என்றே நினைக்கிறேன். 2025-ல் அதிபரின் மன்னிப்பில் அவர் வெளியே வந்ததைச் சிலர் கொண்டாடிய விதமும் எனக்குச் சகிக்கவில்லை.

கமிஷன் விஷயத்தை லேசாக விட முடியாது. 1996-ல் பர்டூ நிறுவனம் ஆக்ஸிகான்டினை அமெரிக்காவில் இறக்கியது. சட்டப்படியான மாத்திரை. துல்லியமான அளவு, லேபிள், மருத்துவர் கையெழுத்து, வெள்ளைக் கோட்டு போட்ட மருந்தாளுநர். நம்பிக்கைக்கு வேண்டிய அத்தனையும் இருந்தது. அந்த நம்பிக்கையை வைத்தே ஊர் ஊராக அடிமைப்படுத்தினார்கள். மருந்தின் அபாயத்தைக் குறைத்துக் காட்டியதாக 2007-ல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆக, உள்ளே இருப்பதை உண்மையாகச் சொன்னால் மட்டும் போதாது. கொடுப்பவனுக்கு அடுத்த டோஸில் லாபம் இருக்கக் கூடாது.

இந்த இடத்தில்தான் சுவிட்சர்லாந்து எனக்கு முக்கியமாகிறது. எண்பதுகளின் கடைசியில் ஜூரிச்சின் பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் பட்டப்பகலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். 1992-ல் பூங்காவை மூடினார்கள். கூட்டம் பக்கத்திலிருந்த பழைய ரயில் நிலையத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். 1994-ல் அரசு வேறொன்றைத் தொடங்கியது. மற்ற சிகிச்சைகள் பலமுறை தோற்றுப்போன நோயாளிகளுக்கு, கிளினிக்கிலேயே, நர்ஸ் கண்ணெதிரே, மருந்துத் தரத்தில் தயாரித்த ஹெராயின். ஆமாம், ஹெராயினேதான். நோயாளிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு என்று தெரியும், நாளைக்கும் கிடைக்கும் என்றும் தெரியும். நாளைய டோஸுக்குப் பணம் தேட வேண்டாம் என்றாகும்போதுதான், அவனுக்கு வேறு எதையாவது யோசிக்க நேரம் கிடைக்கிறது. வீடு. பல்வலி. பிரிந்துபோன மகள்.

2008 நவம்பரில் இதை நிரந்தரமாக்கலாமா என்று பொது வாக்கெடுப்பு வந்தது. 68 சதவீதம் பேர் சரி என்றார்கள். அதே நாளில், கஞ்சாவைக் குற்றமற்றதாக்கும் யோசனையை அதே வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். ஹெராயினுக்கு ஆமாம், கஞ்சாவுக்கு மாட்டேன்! முதலில் படிக்கும்போது இது முரணாகத்தான் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் போதைக்கு ஓட்டுப் போடவில்லை, ஒரு கிளினிக்குக்குப் போட்டார்கள்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் வேறு பாதையில் போனது. 2020-ல் மக்கள் வாக்களித்து, சிறிய அளவில் வைத்திருப்பதைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கினார்கள். சிகிச்சைக்கான நிதி மெதுவாக வந்தது, ஃபென்டனில் வேகமாக வந்தது. 2024-ல் சட்டமன்றம் அதைத் திருப்பிப்போட்டது. தண்டனையை எடுத்தார்கள், ஆனால் பொட்டலம் அதே தெருப் பொட்டலம்.

சுவிஸ் முறையிலும் சங்கடம் உண்டு. நோயாளியைக் கையில் கொடுத்து அனுப்பும் அளவுக்கு நம்புவதில்லை, பொதுவாக வந்து, கண்ணெதிரே போட்டுக்கொள்ள வேண்டும். சில்க் ரோடு அவனை முழுசாக நம்பியது, ஏனென்றால் அவனுக்கு என்ன ஆனாலும் அதற்குக் கவலையில்லை. கிளினிக் அவனைப் பாதிதான் நம்புகிறது, ஏனென்றால் அவன் நாளைக்கு உயிரோடு வரவேண்டும். எனக்கு வேண்டியவர் ஒருவர் இதில் சிக்கினால் அந்தப் பாதி நம்பிக்கை உள்ள இடத்துக்குத்தான் கூட்டிப்போவேன், யோசிக்கவே மாட்டேன்.

ஹன்சாவை நடத்திய நெதர்லாந்துக்கு இது ஒன்றும் தெரியாத விஷயம் இல்லை. அங்கேயும் மருத்துவ ஹெராயின் சிகிச்சை இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்தே, பெயர் சொல்லாமல் ஒரு மாத்திரையைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தால், அதில் என்ன இருக்கிறது என்று பரிசோதித்துச் சொல்லும் திட்டமும் நடக்கிறது. அந்த மேஜைக்கு ஒருவன் தைரியமாக வருவது, பெயர் எங்கேயும் பதிவாகாது என்ற ஒரே நம்பிக்கையில். 2017-ல் அதே நாட்டின் இன்னொரு மேஜையில் இருந்தவர்கள் அவனைப் போன்றவர்களின் முகவரியைச் சேமித்துக்கொண்டிருந்தார்கள். சந்தை மீதான நம்பிக்கையைத்தான் உடைத்தோம் என்று சொல்லலாம். ஹன்சாவில் முகவரி கொடுத்த ஒருவன் அடுத்த வாரம் தன் மாத்திரையை எடுத்துக்கொண்டு அந்த முதல் மேஜைக்குப் போயிருப்பானா?