தகட்டின் ஓரத்து எழுத்து

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைச் செவிலியர் கழுத்தில் அணிந்த அடையாளத் தகட்டில் பெயர், தொடர் எண், டெட்டனஸ் தடுப்பூசி போட்ட ஆண்டு, இரத்த வகை, சமயத்தைக் குறிக்கும் ஓர் எழுத்து ஆகியவை பொறிக்கப்பட்டிருந்தன. தொடர் எண்ணுக்கு முன் நின்ற ‘என்’ என்னும் ஆங்கில எழுத்து அணிந்தவர் செவிலியர் என்பதைக் காட்டியது; சமய எழுத்தோ புரொட்டஸ்டண்டுக்குப் ‘பி’, கத்தோலிக்கருக்குச் ‘சி’, எபிரேயர் எனப்பட்ட யூதருக்கு ‘எச்’ என மூன்றே வகைப்பட்டது.

இவற்றுள் எண்ணைப் படை தந்தது, இரத்த வகையைச் சோதனை தந்தது, பெயரைப் பெற்றோர் தந்தனர். சமயம் ஒன்றே அணிந்தவர் தம் வாயால் சொல்ல, வேறு சான்று கேட்காமல் ஏற்கப்பட்டது. இரத்த வகை உயிர் பிழைக்க உதவியதென்றால், சமய எழுத்து உயிர் பிரியும் வேளைக்கு உரியதாயிருந்தது: கத்தோலிக்கர் அவஸ்தைப்பூசுதல் என வழங்கிய, சாகுந்தறுவாயில் எண்ணெய் பூசி மன்றாடும் சடங்குக்காக, நினைவிழந்து கிடப்பவரிடம் குருவை அழைப்பதா என்பதை அதுவே தெரிவித்தது. ஆகவே அவ்வெழுத்தை, பேச இயலாமற்போகும் ஒருவர் முன்கூட்டியே விடுத்த வேண்டுகோளாகக் கொள்வதே பொருந்தும்.

ஜெர்மானியரிடம் சிறைப்பட நேருமென்று அஞ்சிய யூத வீரர் சிலர் ‘எச்’ பொறிக்க வேண்டாம் என்றனர். சிலர் தகட்டையே எறிந்தனர். இது மறுதலிப்பாகுமா என்னும் வினாவுக்கு, உயிரைக் காப்பதற்காகப் பெரும்பாலான கட்டளைகளைத் தளர்த்தலாம் எனும் ‘பிக்குவாக் நெஃபெஷ்’ கொள்கை யூத மரபிலேயே விடை தருகிறது; நம்பிக்கையைத் தகடு தாங்குவதில்லையாதலால், தகட்டை விடுவதால் அது கெடுவதுமில்லை.

இதனினும் கடினமானது, எழுத்தே இல்லாத வெற்றிடம். சமயமில்லை என்றவரும், தம் சமயத்துக்கு எழுத்து ஒதுக்கப்படாத பௌத்தரும் அங்கே ஒன்றாயினர்; முன்னவரின் மௌனம் அவரே தேர்ந்தது, பின்னவருடையதோ அவர்மேல் சுமத்தப்பட்டது. இவ்விரு மௌனங்களையும் ஒரே வெறுமையாகப் பதிந்ததே அம்முறையின் பெரும்பிழை. அப்பிழை சாவோடும் தீரவில்லை.

1944-இல் இத்தாலியின் ஆன்சியோவில், குண்டுவீச்சுக்கு நடுவே காயம்பட்டோரைப் பேணிய செவிலியருள் ஆறுபேர் உயிரிழந்தனர். அருகே நெட்டுனோவிலுள்ள அமெரிக்கப் படைக் கல்லறைத் தோட்டத்தில் சிலுவை, தாவீதின் விண்மீன் என்னும் இரு வடிவக் கற்களே நிற்கின்றன. யூதரல்லாத அனைவருக்கும், எழுத்தின்றி மாண்டவருக்கும்கூட, சிலுவையே நாட்டப்பட்டது.